வாசுகியின் புத்தகத்தில் நான் செத்துவிட்டேன்

பீரங்கிச் செல் கூவுகிறது. கூவல் நீண்டால் எங்களைத் தாண்டிப் போகும். நடுவில் நின்றால் எங்களுக்குத்தான்.

நிற்கிறது.

"படுங்கோ! எல்லாரும் படுங்கோ!"

முள்ளிவாய்க்கால். வைகாசி மாதம். விடிந்து கொஞ்ச நேரம். கடற்கரை மணலில் வெட்டிய பதுங்குகுழி. சேலைகளைப் பைகளாகத் தைத்து, மணல் நிரப்பிச் சுற்றிலும் அடுக்கியிருக்கிறோம். உள்ளே பதினொரு பேர். என் கணவர் இருக்கிறார். பக்கத்துக் கொட்டிலில் இருந்த வாசுகியும் அவள் பெற்றோரும் இருக்கிறார்கள். என் மகள் துளசி வாசலில் இருக்கிறாள். உள்ளே வெக்கை தாங்கவில்லை என்றாள். நான் கை நீட்டினேன். எட்டவில்லை.

பிறகு சத்தமே இல்லை. மணல். வாய்க்குள் மணல், மூக்குக்குள் மணல். யாரோ என் தலைமயிரைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். குழி மூடிவிட்டது. துளசி வாசலிலேயே கிடந்தாள். தூக்க விடவில்லை. சனம் ஓடுகிறது. என்னையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. வாசுகியைக் காணவில்லை. அவளும் மணலுக்குள் என்றுதான் நினைத்தேன்.

ராணுவத்தின் முட்கம்பி முகாமுக்குள் சில காலம். பிறகு இந்தியாவுக்குப் படகு. இப்போது கம்பம் பள்ளத்தாக்கில் ஓர் அகதி முகாம். காமயகவுண்டன்பட்டித் தோட்டங்களில் திராட்சைக் குலை வெட்டுகிறேன். வேலை இல்லாத நாளில் கம்பத்துக்கு பஸ் ஏறி நூலகம் போவேன். வெளிநாடு போன எங்கள் சனம் எழுதிய புத்தகங்களாகத் தேடி வாசிப்பேன். பனி. நிலவறை வீடு. இரண்டு வேலை. தமிழ் பேசாத பிள்ளைகள். அவர்கள் அந்நியப்பட்டு நிற்கும் இடமெல்லாம் எனக்கு விளங்கும். கடைசியில் அந்த நாடு அவர்களுடையதாகிவிடும். அந்தப் பக்கம் வந்ததும் மூடிவிடுவேன்.

நூலகத்தில் வேலை பார்க்கும் ஆயிஷா போன மாசியில் ஒன்றை எடுத்து வைத்திருந்தாள்.

"யக்கா, இது புதுசு. உங்க ஊருக்காரவுகதான், கனடாவுல இருக்காகளாம். உங்களுக்குன்னே எடுத்து வச்சேன்."

பின்னட்டையில் வாசுகியின் படம். முன்மயிர் நரைத்திருந்தது. உயிரோடிருக்கிறாள். நின்றபடியே புரட்டினேன். அவள் கனடாக் குடிமகளாகச் சத்தியப்பிரமாணம் எடுக்கும் நாளில் கதை தொடங்குகிறது. கையை உயர்த்தும்போது அந்தக் குழி நினைவு வருகிறது. அதற்குள் பவானி என்றொரு தாய். கூடவே அவள் குழந்தை. செல் விழுகிறது. கட்டிப்பிடித்தபடி இருவரும் செத்துக் கிடக்கிறார்கள்.

பவானி நான்தான். குழந்தைக்குப் பெயர் இல்லை.

"என்னக்கா, மூஞ்சியெல்லாம் வேர்த்துக் கெடக்கு? இங்கன உக்காருங்க."

ஆயிஷாவிடம் சொன்னேன். அவள்தான் பதிப்பகத்தில் கேட்டு எண் வாங்கித் தந்தாள். என் குரலைக் கேட்டு வாசுகி நெடுநேரம் அழுதாள்.

"அக்கா, என்னை முதல்லயே ஆரோ வெளிய இழுத்தவை, ஓடேக்க திரும்பிப் பார்த்தனான். மணலுக்கு மேல உங்கட சீலைதான் தெரிஞ்சது. நீங்களும் போயிட்டியள் எண்டு நினைச்சன்."

"கட்டிப்பிடிக்கேல்லை, வாசுகி. எனக்குக் கை எட்டேல்லை."

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"பிள்ளையின்ர பெயர் துளசி. அதையாவது போடு."

"அச்சடிச்சு எல்லா இடமும் போயிட்டுது அக்கா. அடுத்த பதிப்பு வந்தால்..."

வருமா என்று அவளுக்கும் தெரியவில்லை. என்னை அங்கே கூப்பிட வழி பார்க்கிறேன் என்றாள். கடவுச்சீட்டு இல்லை என்றேன்.

அடுத்த வாரம் முகாமில் ஆட்களை எண்ணும் தணிக்கை. பெயர் வாசித்தார்கள். என் முறை வந்தது.

"பவானி! ஏம்மா, ஆள் இருக்கா, இல்லையா?"

கையைத் தூக்கினேன்.

புத்தகத்தில் பிழையாக இருப்பதை இங்கே திருத்திச் சொல்லி வைக்கிறேன், அன்று அந்தக் குழியில் செத்தவர்கள் இவர்கள். என் கணவர் கதிரவன். வாசுகியின் தாய், தகப்பன். கர்ப்பிணி ஒருத்தி, கிளிநொச்சிப் பக்கம் என்றாள், பெயர் கேட்கவில்லை. ஒரு தபால்காரர், அவர் மனைவி, அவர்களின் இரண்டு பேரப்பிள்ளைகள். துளசி, ஆறு வயது. ஒன்பது பேர். மிஞ்சியது இரண்டு பேர். ஒருத்தி கனடா நாட்டவள். மற்றவள் இன்னும் அகதி.