சோடாம் எழுதிய மன்னிப்புகள்

உப்புப் போடாத கிம் தாளை விற்பது லேசான வேலை இல்லை, சார். எண்ணெய் தடவாமல், உப்புத் தூவாமல் வெறும் கடற்பாசித் தாளை வாட்டிக் கொடுத்தால் குழந்தைகள்தான் சாப்பிடும், பெரியவர்கள் சீண்டமாட்டார்கள். இந்தச் சொச்சான் ஊரில் மற்ற பட்டறைக்காரர்கள் எல்லாரும் உப்பைப் போட்டுப் பிழைத்துக்கொண்டார்கள். நான்தான் குழந்தைகளுக்கென்று ஆரம்பித்துவிட்டுக் கடைகடையாக ஏறி இறங்கினேன்.

அப்படி இருக்கும்போதுதான் பாங் சோடாம் தேஜோனிலிருந்து பஸ் பிடித்து வந்தாள், மகள் யூலைக் கூட்டிக்கொண்டு. குழந்தைக்கு அப்போது நாலு வயது. அதற்கு இறால் ஆகாது. ஒரு துணுக்கு வாயில் பட்டாலும் உதடு வீங்கி மூச்சு இழுக்கும். கிம் வளர்கிற கடலில்தான் பொடி இறாலும் வளர்கிறது, தாளோடு ஒட்டிக் காய்ந்துவிடும். மற்ற பட்டறைக்காரர்கள் 'இறால் கலந்திருக்கலாம்' என்று உறையில் அச்சடித்துவிட்டு விட்டுவிடுவார்கள். என்னிடம் அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசை உண்டு. பட்டறையில் வேலை செய்கிற தாக் அம்மாவும் இன்னும் நாலு பெண்களும் ஒவ்வொரு தாளையும் அதன்மேல் விரித்து, புள்ளி புள்ளியாகத் தெரிகிற இறாலை இடுக்கியால் எடுப்பார்கள்.

அந்த மேசையைப் பார்த்து சோடாம் அழுதாள். "அக்கா, ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் கிம் சுத்தித்தான் சோறு திங்குது. என் பொண்ணு மட்டும் எட்ட நின்னு பாக்குது" என்றாள். அன்றைக்கு யூல் முதன்முதலாக கிம் சாப்பிட்டது. ஆறு தாள் சாப்பிட்டது. ஒன்றும் ஆகவில்லை.

சோடாம் தன் இணையப் பக்கத்தில் குழந்தைக்குச் சோறு ஊட்டுவதைப் படம் பிடித்துப் போடுகிறவள். இரண்டு லட்சம் தாய்மார்கள் பார்த்தார்கள். சரக்கு என்னுடையது, ஆள்கட்டு அவளுடையது, லாபத்தில் பாதிப் பாதி. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூன்று நாள் விற்பனை திறப்போம். திறக்கிற அன்று காலை பதினோரு மணிக்கு நேரலையில் யூல் முதல் தாளைச் சாப்பிடும். "ஆகா, மொறுமொறு" என்று சொல்லும். அதைச் சொன்னால் ஆர்டர் விழத் தொடங்கும்.

என் பெயர் எங்கேயும் வராது. மோ கும்சுக் என்று ஒருத்தி வெயிலிலும் அடுப்பிலும் வேகிறாள் என்று ஒரு பயல் அறியமாட்டான். "சோடாம் அம்மா, நன்றி", "சோடாம் அம்மா, நீங்க தெய்வம்". இதையே படித்துப் படித்து எனக்கு எரிச்சலாக இருக்கும். இருந்தாலும் நான் வாயைத் திறந்ததில்லை, சார்.

மூன்றாம் விற்பனையில் புயல் வந்து கூரியர் ஒரு வாரம் நின்றுபோனது. தாய்மார்கள் கொதித்துப்போய்த் திட்டினார்கள். நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா, முகம் காட்டி விற்றவர்தான் தலைகுனிய வேண்டும். தட்டச்சு செய்து போட்டால் காறித் துப்புவார்கள். வெள்ளைத் தாளில் கறுப்புப் பேனாவால் கைப்பட எழுதி, சாக்குச் சொல்லாமல், எல்லாம் என் தப்பு என்று போட வேண்டும். சோடாம் அப்படித்தான் போட்டாள். அரை மணியில் காற்று திரும்பியது. "ஐயோ, அழாதீங்க", "கை நடுங்கி எழுதியிருக்காங்க பாவம்", "இன்னும் ரெண்டு பெட்டி எழுதிக்கோங்க". அடுத்த விற்பனை அரை நாளில் தீர்ந்துவிட்டது.

அதற்கடுத்த விற்பனையில் ஒரு குறையும் இல்லை. எல்லாம் நேரத்துக்குப் போனது. பாதிச் சரக்கு அப்படியே தேங்கிவிட்டது.

நான் அதைக் கவனித்தேன், அவள் கவனிக்கவில்லை. அந்தச் சமயம், இணையத்தில் கூட்டு விற்பனை ஜெயிப்பது எப்படி என்று நகராட்சிக்காரர்கள் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஒருவரையொருவர் நம்ப வேண்டும் என்று சொல்லிவிட்டு, மீன் கஞ்சி குடித்துவிட்டு வந்தேன். வேறு என்ன சொல்வது? உண்மையைச் சொன்னால் கைதட்டமாட்டார்கள். ஜனங்களுக்கு நல்ல சரக்கு வாங்குவதைவிட ஒருத்தியை மன்னிப்பது பிடித்திருக்கிறது. மன்னித்த கையோடு பெரிய மனசுக்கு அடையாளமாக இரண்டு பெட்டி வாங்கிக்கொள்கிறார்கள்.

அதனால் அடுத்தமுறை பத்துக் கட்டு போக வேண்டிய பெட்டிகள் சிலவற்றில் ஒன்பது வைத்தேன். சோடாம் மன்னிப்புக் கேட்டாள், நன்றாக விற்றது. அதற்கடுத்தமுறை பழைய தேதி அச்சடித்த உறைகளைக் கொஞ்சம் கலந்துவிட்டேன். அதற்கும் கேட்டாள். கடிதத்தை நான்தான் சொல்லிக்கொடுப்பேன். அவளாக எழுதினால் வளவளவென்று இழுப்பாள். அடித்துத் திருத்தினால் எனக்குப் பிடிக்காது, வேறு தாளில் எழுத வைப்பேன். தாக் அம்மா கிண்டலாகச் சொல்வாள், "அந்தப் பொண்ணு மூக்கை உறிஞ்சினா நமக்கு ஓவர்டைம் வந்திருச்சுன்னு அர்த்தம்டி" என்று. எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

ஒருநாள் சோடாம் பட்டறைக்கே வந்துவிட்டாள். முடி கொட்டியிருந்தது.

"அக்கா, நம்மகிட்ட மட்டும் எப்படிக்கா ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஆகுது?"

"எண்ணித்தான் போட்டேன் சோடாம். கூரியர்காரன் என்ன பண்ணினானோ."

"உங்களைச் சந்தேகப்படலைக்கா. தப்பா எடுத்துக்காதீங்க. எனக்குத்தான் ராசி இல்ல போல. விட்டுரலாமான்னு இருக்கு."

விட்டுவிடலாமாம். எனக்கு வந்த ஆத்திரத்தை என்ன சொல்ல? அவளுக்கு இது ஒரு பக்கம், மூடினால் வேறொன்று திறப்பாள். எனக்கு இந்தப் பட்டறையை விட்டால் வேறு என்ன இருக்கிறது? போதாக்குறைக்கு அந்தத் தேதித் தப்புக்கு எழுதிய கடிதத்துக்குப் பழைய மாதிரி இரக்கம் வரவில்லை. "மறுபடியுமா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். சின்னத் தப்புக்கு அவர்கள் மசியவில்லை. இதை அவளிடம் எடுத்துச் சொல்லவும் வழியில்லை. கூட்டாளி என்று இருந்தால் கொஞ்சமாவது தானாகப் புரிந்துகொள்ள வேண்டாமா?

யோசித்துப் பார்த்தேன். வாங்கியவர்களுக்குக் குறை வந்தால் கோபப்படுகிறார்கள். அவளுக்கே வந்தால் யார் கோபப்படுவார்கள்?

நான் எதையும் சேர்க்கவில்லை, சார். இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். தேஜோனில் சோடாம் வீட்டுக்குப் போகிற ஒரே ஒரு பெட்டியை மட்டும் விளக்கு மேசைக்கு அனுப்பவில்லை. கடலில் இருந்தது அப்படியே போயிற்று. மற்ற பெட்டிகளை எல்லாம் பெண்கள் வழக்கம்போல் பார்த்து முடித்தார்கள், ஒரு புள்ளி இல்லை. வாங்குகிறவர்களுக்கு நான் துரோகம் நினைத்ததே இல்லை. குழந்தைக்கு உதடு கொஞ்சம் வீங்கும், தடிப்புத் தடிப்பாக வரும், இரண்டு நாளில் வடிந்துவிடும், சோடாம் எழுதுவாள் என்றுதான் கணக்குப் போட்டேன்.

பதினோரு மணிக்கு நேரலை. யூல் மஞ்சள் ஏப்ரன் கட்டியிருந்தது. ஒரு தாளைத் தின்றுவிட்டு "ஆகா, மொறுமொறு" என்றது. இன்னொன்று வேண்டும் என்று அதுவாகவே கையை நீட்டியது. சோடாம் சிரித்துக்கொண்டே கொடுத்தாள். மூன்றாவது தாளில் கழுத்தைச் சொறிந்தது. அதற்கப்புறம் கேமரா கீழே விழுந்துவிட்டது, சத்தம் மட்டும் கேட்டது. ஊசி மருந்து அவள் வீட்டில் இருந்திருக்கிறது. போட்டிருக்கிறாள், போதவில்லை.

ஒரு மணிக்கு அவளை அழைத்தேன். "அக்கா, ட்யூப் போட்டிருக்காங்கக்கா" என்றாள். மனசைத் தேற்றிக்கொள் என்றேன். விற்பனை திறந்தே இருக்கிறது, ஆயிரக்கணக்கானவர்கள் என்ன ஆயிற்று என்று கேட்கிறார்கள், அவர்களை அப்படியே விட்டுவைப்பது முறையில்லை என்றும் சொன்னேன். கடிதத்தை நான் எழுதி அனுப்பினேன். 'வேறு ஏதோ கையில் பட்டதைக் கவனிக்காமல் ஊட்டிவிட்டேன், தாயான என் தப்பு, பட்டறையைக் குறை சொல்லாதீர்கள்.' ஆஸ்பத்திரித் தாளில் அவள் அதைப் பார்த்து எழுதினாள். ஓரிடத்தில் மை கலைந்திருந்தது, அதை மாற்றச் சொல்லவில்லை. நாலு மணிக்குள் எல்லாச் சரக்கும் தீர்ந்துவிட்டது.

விற்பனை மூடுகிற மூன்றாம் நாள் குழந்தை போய்விட்டது.

ஒரு பெட்டி மேசைக்கு வரவில்லை என்று தாக் அம்மா உங்களிடம் வாக்குமூலம் கொடுத்திருக்கிறாள். சரிதான். அவள் கணக்கு எப்போதும் தப்பாது. அந்தப் பெட்டியை நான் என் கையால் கட்டினேன், முகவரியையும் நானே ஒட்டினேன், யார் சாப்பிடப்போகிறார்கள் என்று தெரிந்தே ஒட்டினேன். இதில் மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை.

போன வாரம் சோடாம் பட்டறைக்கு வந்தாள். கறுப்பு உடுப்பில் இருந்தாள். சிமெண்டுத் தரையில் மண்டி போட்டு, நெற்றி தரையில் படக் குனிந்தாள். பெண்கள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"அக்கா, நான் கையைச் சரியா கழுவாம ஊட்டிட்டேன் போல. என்னால உங்க பட்டறைப் பேரு கெட்டுப்போச்சு. என்னை மன்னிச்சிருங்கக்கா."

நான் அவளைத் தூக்கி நிறுத்தினேன். முழங்காலில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டேன். எனக்கு எவ்வளவு நஷ்டம், எவ்வளவு அலைச்சல், ஒன்றைக்கூடச் சொல்லிக் காட்டவில்லை. அவளை முழுமனதோடு மன்னித்துத்தான் அனுப்பினேன், சார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.