ஆளுக்கொரு துண்டுக் கருப்பட்டி

எனக்கு இனிப்பு அவ்வளவாகப் பிடிக்காது, ஐயா. ஆனால் கருப்பட்டி பார்த்து வாங்கத் தெரியும். ஒட்டன்சத்திரம் போனால் உடைத்து, முகர்ந்து பார்த்த பிறகுதான் காசு கொடுப்பேன்.

பாச்சலூருக்குக் கீழே, பழைய லாரி பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் கொட்டகையில் நான் சூப்பர்வைசர். வேலைக்கு வந்தவர்கள் மலைக்காரர்கள். முன்பு காட்டில் தேன் எடுத்துக்கொண்டிருந்த ஒச்சன்தான் உலையைப் பார்த்துக்கொண்டான். கருப்பட்டி தின்றால் தூசி உள்ளே தங்காது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அதனால் மதியம் உலையடிக்கே போய் ஆளுக்கொரு துண்டு கொடுப்பேன்.

ஆட்களின் உடம்பைச் சோதிக்க வந்த டாக்டரம்மா ஹெப்சிபா என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். "உலைக்கிட்ட யாரும் எதையும் திங்கக் கூடாதுங்க டிக்சன். அந்தக் கையோட வாயில வெச்சா ஈயம் ரத்தத்துல ஏறிடும்."

நியாயமான பேச்சுதான். ஆனால் கை கழுவ ஓடைக்கு இறங்கி ஏறுவதற்குள் உலை ஆறிப்போகும். முதலாளிக்கு நானல்லவா பதில் சொல்ல வேண்டும். நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஒச்சனுக்கு வயிறு முறுக்கத் தொடங்கியது.

"ரெண்டு நா லீவு குடுங்க சார். முடியல."

"ஏலே, கருப்பட்டிய நல்லா சப்பித் தின்னு. வெரசா சரியாயிரும்."

தின்றான். என்னை அவ்வளவு நம்பினான். பிறகு அவனுடைய மணிக்கட்டுகள் தொங்கிவிட்டன. என் அறைக் கதவை முழங்கையால்தான் தட்டுவான். வலிப்பு வந்து அவன் போய்ச் சேர்ந்து மாதங்களாகின்றன. அந்த முழங்கைச் சத்தம் இன்னும் கேட்கிறது. பயமாக இருக்கிறது, ஐயா. நான் எழுந்து திறப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒச்சன் பாதியைத் தின்றுவிட்டு மீதியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். மகள் நதியாவுக்கு. பை முழுக்க ஈயத் தூசி. பிள்ளையின் மூளையை அது என்ன செய்யும் என்று டாக்டரம்மா சொல்லி எனக்குத் தெரியும். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பான். காரணம் சொன்னால் மறுநாள் உலைக்கு ஒரு ஆள்கூட வரமாட்டான். அதனால், "பிள்ளைக்கா? இந்தா, இன்னொண்ணு கொண்டு போ" என்று கொடுத்தேன்.

வாய் ஓயாமல் பேசிய பிள்ளை. இப்போது அம்மா என்றுகூடச் சொல்வதில்லை. ஒச்சனின் மனைவி சின்னத்தாய் நேற்று அவளைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"நீங்க குடுத்து விட்டதுன்னா அம்புட்டு ஆசையாத் திம்பா சார்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு துண்டு கொடுத்தேன்.

வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. எல்லாம் தெரிந்தேதான் கொடுத்தேன். ஆனால் ஒன்றை மட்டும் விடாமல் எழுதுங்கள். கருப்பட்டி சுத்தமானது. அதில் நான் எந்தக் கலப்படமும் செய்யவில்லை.