புற்றுக்கு அடியிலிருந்து வந்த மண்

இதை எழுதும்போது உடனிருப்பவர்கள்: காவல் நிலைய உதவி ஆய்வாளர் திரு. செல்வகுமார், கதிர்வீச்சுக் கண்காணிப்பு அலுவலகத்தின் அதிகாரி ஷாஜாதி, எங்கள் எதிர்வீட்டு அஞ்சலாட்சி, என் மகள் சரிதா, நான். பெண் காவலர் ஒருவர் தண்ணீர் வைத்துவிட்டுப் போனார். அவர் எதையும் கேட்கவில்லை, அவரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

என் பெயர் அமுதவல்லி, வயது ஐம்பத்தெட்டு, கணவர் பெயர் ராமலிங்கம், குடியிருப்பது புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்குப் பின்புறம் உள்ள நாகாத்தம்மன் நகர். வீட்டு வேலை பார்க்கிறேன். ஐந்தாவது வரை படித்தேன், மீதியைப் பதிகப் புத்தகங்களையும் செய்தித்தாளையும் வாசித்து நானே கற்றுக்கொண்டேன். எங்கள் நகரின் பெண்கள் சேர்ந்து நடத்தும் புற்று வழிபாட்டுக்குப் பால், மஞ்சள், பூ எல்லாவற்றுக்கும் வரவு செலவு பார்ப்பது நான்தான்.

முதலில் இந்த வாக்குமூலத்தை உதவி ஆய்வாளரே எழுதினார். வேலியை வெட்டினது யார், உள்ளே போனது யார் என்று கேட்டு எழுதி, அத்தோடு நிறுத்தி, கையெழுத்துப் போடச் சொன்னார். என் மகளைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. கேட்டதற்கு, "அமுதவல்லிம்மா, கேஸு வேலியப் பத்தி. சாப்பிட்டது கொண்டது எல்லாம் இதுல வராது" என்றார். நான், "வேலிக்குள்ள இருந்த மண்ணுதான் சார் எம்பொண்ணு வயித்துல கீது. அத எழுதாம நான் கையெழுத்து போட மாட்டேன்" என்றேன். அவர் பேனாவை மூடிவைத்து, தாளை என் பக்கம் தள்ளி, நீங்களே எழுதுங்கள் என்றார். ஆகவே இது என் கையெழுத்து.

வேலியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் நகருக்கும் தொழிற்பேட்டைச் சுவருக்கும் நடுவில் இருக்கும் அந்த மனை, முன்பு காஸ் விளக்குக்கு மேன்டில், அதாவது உள்ளே எரியும் வலைத்திரி, செய்த கம்பெனியுடையது. கம்பெனி மூடி வெகுகாலம் ஆகிறது, மனை மட்டும் இன்னும் அவர்கள் பொறுப்பில்தான் இருக்கிறது. மூடிய பிறகு ஆட்கள் வந்து மண்ணைச் சுரண்டி, அங்கேயே பெரிய குழி எடுத்துப் புதைத்து, மேலே களிமண்ணும் அதன் மேல் லாரியில் வந்த செம்மண்ணும் போட்டு, சுற்றிலும் கம்பி வேலி அடித்தார்கள். எதைப் புதைத்தார்கள் என்று எங்களிடம் சொல்லவில்லை. ஒரு மஞ்சள் பலகை வைத்தார்கள். அதில் மூன்று இறக்கை உள்ள படமும், கீழே இந்தியிலும் இங்கிலீஷிலும் எழுத்தும் இருந்தன. தமிழ் இருந்த இடம் துருப்பிடித்துப் போயிற்று. இறக்கையைப் பார்த்து அதை ஃபேன் கம்பெனி இடம் என்றே நாங்கள் எல்லோரும் சொல்லி வந்தோம்.

யாரும் கால் வைக்காத இடமாக அது கிடந்ததால், அதன் நடுவில் வேப்பங்கன்று முளைத்து, அதை ஒட்டிப் புற்று வளர்ந்தது. எங்கள் பக்கத்தில் மனிதர் மிதிக்காத மண்ணில் எழும்பும் புற்றுக்குத் தனி மதிப்பு. ஆடி மாதம் நாகசதுர்த்திக்கு அங்கே பால் ஊற்ற ஆரம்பித்தோம். வேலியை நாங்கள் வெட்டவில்லை. மேற்குப் பக்கம் கம்பி புயலில் சாய்ந்தது, அதைக் கம்பெனியின் ஆட்கள் நிமிர்த்தவில்லை. அதன் வழியாகவும் நாங்கள் போகவில்லை. காவல்காரர் சின்னக்கண்ணு ஒவ்வொரு வருடமும் சங்கிலியை அவிழ்த்து வாசலைத் திறந்துவிட்டார், பிரசாதமும் வாங்கிக்கொண்டார். இப்போது புகார் கொடுத்திருக்கும் கம்பெனியின் மேலாளரே ஒரு வருடம் வந்து புற்றுக்கு முன்னால் தேங்காய் உடைத்தார். அதற்கு அஞ்சலாட்சி சாட்சி.

வருடத்துக்கு ஒருமுறை கண்காணிப்பு அலுவலகத்திலிருந்து கலைவாணன் என்ற அதிகாரி மீட்டருடன் வருவார். வேலியின் நான்கு மூலையிலும் வைத்துப் பார்த்து எழுதிக்கொள்வார். ஒருமுறை அவர் புற்றுப் பக்கம் நடந்தபோது அஞ்சலாட்சி, "ஐயா, செருப்பக் கழட்டிட்டுப் போங்க" என்றாள். அவர் நின்றுவிட்டார். "சாமி இடத்துல மிஷின வெப்பாங்களா? அங்க இன்னாம்மா இருக்கப் போவுது" என்று சொல்லி, தூரத்திலிருந்தே கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பினார். போகும்போது தன் மகளுக்கு வரன் தள்ளிப் போவதாகச் சொல்லி, புற்று மண் கொஞ்சம் கேட்டார். நான்தான் காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன். இதை அவர் மேல் குறையாகச் சொல்லவில்லை. அந்தப் பொட்டலம் இன்னும் அவர் வீட்டில் இருக்கும், அங்கேயும் யாராவது போய்ப் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரிதாவுக்குக் கல்யாணமாகி நெடுநாள் குழந்தை இல்லை. மாப்பிள்ளை விஜய்க்கு நோணாங்குப்பம் படகுத்துறையில் வேலை, குணமான பிள்ளை. இரண்டு பேரும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போனார்கள். போன ஆடியில் சரிதா என்னோடு வந்து புற்றுக்குப் பால் ஊற்றி, நான் எடுத்துக் கொடுத்த மண்ணை வயிற்றில் பூசிக்கொண்டாள். மீதி மண்ணை எவர்சில்வர் டப்பாவில் போட்டுப் பூஜை அலமாரியில் வைத்தேன். மார்கழிக் கடைசியில் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்தது. மசக்கை அதிகமாக இருந்ததால் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தேன்.

இப்போது எழுதப்போவதைச் சரிதா தன் புருஷனிடமும் முழுசாகச் சொல்லவில்லை. நான் எழுதுவது தெரிந்து அவள் எழுந்து வெளி வராந்தாவில் போய் நிற்கிறாள்.

மசக்கையில் அவள் மண் தின்றாள். வேறு எதுவும் வயிற்றில் தங்கவில்லை, மண் வாசனைக்கு மட்டும் நாக்கு கேட்டது. பூஜை டப்பாவைத் திறந்த ஒரு நாள் மண் தலைதட்டினபடி இல்லாமல் பள்ளமாக இருந்ததைப் பார்த்தேன். என் வீட்டில் எந்தப் பாத்திரத்தில் எது எவ்வளவு இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அவளைக் கேட்கவில்லை. சாம்பலும் கரியும் தின்பதற்குச் சாமி மண் மேல் என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு மாசி முடியும்போது டப்பாவில் கால்பங்குதான் மிச்சம். முழுசாக இருந்தபோது ஒரு ஆழாக்கு. பூசினது, அக்கம்பக்கம் கொடுத்தது எல்லாம் போக, என் கணக்கில் அவள் தின்றது அரை ஆழாக்குக்குக் குறையாது. இந்த அளவைத் தயவுசெய்து அவள் சிறுநீரைப் பரிசோதிக்கும் ஆய்வகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அவர்களிடம் சரிதா சும்மா ஒரு சிட்டிகை என்று சொல்லியிருக்கிறாள்.

பங்குனியில் கலைவாணன் சாருக்குப் பதிலாக ஷாஜாதி அதிகாரி வந்தார். நாங்கள் அன்று வெள்ளிக்கிழமை என்பதால் புற்றுக்கு விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தோம். அவர் மூலைகளைப் பார்த்து முடித்து, புற்றுக்குச் சற்றுத் தள்ளி நின்று பூட்ஸைக் கழற்றினார்.

"அம்மா, இங்க மீட்டர வெச்சுப் பாக்கணும். தொட மாட்டேன்" என்றார்.

"சாமிக்கு எதுக்கும்மா மிஷினு?" என்று கேட்டாள் அஞ்சலாட்சி.

"சாமிக்கு இல்லம்மா. மண்ணுக்கு."

"பாய் வூட்டுப் பொண்ணு பூட்ஸக் கழட்டிட்டுல்ல கேக்குது, பாத்துட்டுப் போவட்டும் வுடு" என்று அஞ்சலாட்சியே எனக்குச் சொன்னாள். நான் விளக்கை நகர்த்தி வழி விட்டேன்.

மூலைகளில் விட்டு விட்டுத் தட்டிய மீட்டர், புற்றுக்கு அருகில் எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி விடாமல் வெடித்தது. அதிகாரி முகம் மாறியதை நான் பார்த்தேன். எங்கள் எல்லோரையும் வாசலுக்கு வெளியே போகச் சொன்னார். கையைக் கழுவாமல் எதையும் வாயில் வைக்க வேண்டாம் என்றார். அதன் பிறகு என்னைத் தனியாக அழைத்து விளக்கினார். குழியில் புதைத்தது மேன்டில் செய்தபோது மிஞ்சிய கதிர்வீச்சுள்ள கழிவு, மேலே போட்டது நல்ல மண். ஆனால் கரையான் மேல் மண்ணை எடுத்துப் புற்று கட்டுவதில்லை, ஆழத்தில் இறங்கி ஈர மண்ணை உருட்டிக்கொண்டு மேலே வருகிறது. களிமண் போட்டதும் வேலி அடித்ததும் மனிதருக்கும் மழைக்கும்தான் தடுப்பு, கரையானுக்கு இல்லை. இத்தனை வருடமாக அது குழிக்குள் இருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. அதற்குத்தான் நாங்கள் மஞ்சள் பூசினோம்.

நாகாத்தம்மன் எங்களுக்குக் கெடுதல் செய்தாள் என்று நான் எங்கேயும் சொல்ல மாட்டேன். அடியில் என்ன கிடக்கிறது என்று அவளுக்கும் யாரும் சொல்லவில்லை.

அதற்கடுத்து வெள்ளை உடுப்புப் போட்ட ஆட்கள் வந்து புற்றைத் தார்ப்பாயால் மூடினார்கள். வீடு வீடாக மண்ணைத் திரும்பக் கேட்டார்கள். பிரசாதத்தைக் குப்பைப் பையில் போட யாருக்கும் கை வரவில்லை, கதவைச் சாத்திக்கொண்டார்கள். எந்தெந்த வீட்டுக்கு மண் போனது என்று எனக்குத் தெரியும் என்பதால், ஷாஜாதி அதிகாரி கொடுத்த கையுறையைப் போட்டுக்கொண்டு நானே கூடப் போய் வாங்கிக் கொடுத்தேன். புற்றுக்கு முன் வைத்திருந்த பித்தளை நாகத்தையும் எடுத்தார்கள். அதற்கு ரசீது கேட்டேன். அந்த ஆட்களில் ஒருவர், "சாமிக்கே ரசீதாம்மா?" என்று சிரித்தார். "சாமி என் ஒருத்தியுது இல்லியே, கணக்கில்லாம தூக்கிக் குடுக்கறதுக்கு" என்றேன். எழுதிக் கொடுத்தார்கள்.

அதன் பிறகு சரிதாவின் சிறுநீரை ஒரு நாள் முழுக்கப் பெரிய கேனில் பிடித்து வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். சீக்கிரம் வரும் என்றார்கள். வரவில்லை. போன் செய்தால், ரிப்போர்ட் அலுவலகத்துக்குத்தான் வரும், உங்களுக்குத் தர விதி இல்லை என்கிறார்கள். அலுவலகத்தைக் கேட்டால், மேலிடம் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்கிறார்கள். கம்பெனியைக் கேட்டால் போலீஸில் புகார் கொடுத்திருக்கிறோம் என்கிறார்கள். ஷாஜாதி அதிகாரி தன் மனதுக்குப் பட்டதை என்னிடம் சொன்னார். அதை இங்கே எழுதினால் அவர் வேலைக்குத் தொந்தரவு வரும், எழுதவில்லை. மனதுக்குப் பட்டது ரிப்போர்ட் ஆகாது என்று அவரே சொன்னார்.

இந்த விஷயம் எப்படியோ நோணாங்குப்பத்துக்குப் போய், சம்பந்தி செல்வாம்பாள் போன வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் கெட்டவர் இல்லை, இதையும் எழுத வேண்டும். கீரையும் மீனும் கொண்டுவந்திருந்தார். சரிதாவின் தலையை வாரிப் பின்னிக்கொண்டே, "கொறையா பொறந்தா நாளைக்கு நீயா தூக்கிச் சொமப்ப? வயசா ஆயிடுச்சு? இன்னொண்ணு வராமலா போயிடும்" என்றார்.

சரிதா திரும்பாமல், "எந்தப் புத்துல போயி கேக்கறது அத்தை இன்னொண்ணு?" என்றாள்.

சம்பந்தி அம்மாள் பின்னலை முடிக்காமல் சீப்பைக் கீழே வைத்தார். பிறகு யாரும் சாப்பிடவில்லை. மாப்பிள்ளை வாசலில் வண்டி மேல் உட்கார்ந்தபடியே இருந்தார், உள்ளே வரவில்லை.

மறுநாள் நாங்கள் எல்லோரும் சேர்ந்து உப்பளம் பகுதியில் இருக்கும் டாக்டர் அம்மாவைப் போய்ப் பார்த்தோம். ஸ்கேனில் இதுவரை எல்லாம் ஒழுங்காகத் தெரிவதாகச் சொன்னார். ஆனால் மண்ணில் இருந்தது என்ன, உடம்பில் ஏறியது எவ்வளவு என்று தெரியாமல் வைத்துக்கொள்ளவும் சொல்ல மாட்டேன், எடுக்கவும் சொல்ல மாட்டேன் என்றார். ஐந்தாம் மாதம் முடிந்த பிறகு முடிவை மாற்றிக்கொண்டு என்னிடம் வராதீர்கள் என்றும் சொன்னார். வருகிற வெள்ளிக்கிழமை அந்தக் கெடு முடிகிறது. சம்பந்தி வீட்டார் அதற்கு முந்தின நாளுக்கு, கருவை எடுப்பதற்கு ஆஸ்பத்திரிச் சீட்டு வாங்கி வைத்திருக்கிறார்கள். சரிதா வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை, வருகிறேன் என்றும் சொல்லவில்லை. நேற்றுக் குழந்தை அசைந்ததாக என்னிடம் சொன்னாள். நான் கையை வைத்துப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை, ஆனால் தெரிகிறது என்று சொன்னேன்.

வேலி தாண்டினது குற்றம் என்றால் அதற்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். மற்ற பெண்களை அழைக்க வேண்டாம், மண்ணை அவர்களுக்கு எடுத்துக் கொடுத்தது நான்.

மேலே எழுதியது முழுவதும் நான் கண்டதும் செய்ததும் என் காதால் கேட்டதும்தான். யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை, பயந்தும் எழுதவில்லை. அஞ்சலாட்சிக்கு வாசித்துக் காட்டினேன், அவளும் சரி என்றாள்.

அதிகாரிகளுக்கு ஒரு விண்ணப்பம். சரிதாவின் பரிசோதனையில் வந்த முடிவைத் தமிழில் எழுதி எங்கள் கையில் கொடுக்க வேண்டும். கவலைப்பட வேண்டாம் என்று மட்டும் எழுத வேண்டாம், எவ்வளவு என்று எழுதுங்கள். அது குழந்தையைத் தொடுமா தொடாதா என்று எழுதுங்கள். தெரியாது என்றால் தெரியாது என்றே எழுதுங்கள், அதையும் வாங்கிக்கொள்கிறோம். வியாழக்கிழமை காலைக்கு முன்னால் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ரா. அமுதவல்லி