வரிக்குப் பயந்து பிறந்த அண்ணன்

அன்று மேடையில் நான் சொல்லாமல் விட்டது ஒன்றுதான். எங்கள் மாடியறையில் குடியிருந்த கந்தவேலை நான் மணக்க விரும்பினேன், அவரும் விரும்பினார். இதை இருவரும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

அதற்குள் பஞ்சாயத்து போர்டு, வீட்டில் வாடகைக்கு விட்ட அறைகளுக்கு வரி போட்டது. எங்கள் நெசவுத் தெரு கூடிப் பேசி, குடியிருப்பவர்கள் எல்லாரும் உறவுக்காரர்கள், வாடகையே கிடையாது என்று சொல்லிவிட்டது. வயதுப் பெண் இருக்கிற வீடாயிற்றே என்று என் அம்மா தெய்வநாயகி, கந்தவேலைத் தன் அக்காள் மகன் என்றாள். அதாவது எனக்கு அண்ணன். சொன்னதோடு நிற்கவில்லை. கெங்கவல்லியில் எனக்கு ஒரு மாப்பிள்ளை இருக்கிறானாம். அண்ணன் முறைக்குக் கந்தவேலையே போய் அவனைப் பார்த்துவரச் சொன்னாள்.

ஒரு வீடு மட்டும் உண்மையைச் சொன்னால் மற்ற வீடுகள் மாட்டிக்கொள்ளும். ஆகவே வரி கட்டத் தெரு முழுவதையும் சம்மதிக்க வைக்க வேண்டியிருந்தது. தீபாவளி கழிந்து கூடிய தெருக் கூட்டத்தில் மேடையேறிப் பேசினேன்.

"அவைக்குத் தலைமை தாங்கும் நாட்டாண்மை வெங்கடாசலம் அவர்களே, தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, அணைக்க மறந்து வீட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே, மாசி வரையில் குடித்தனக்காரர்களாக இருந்து பங்குனியில் மாமன்களாகவும் மருமகன்களாகவும் மறுபிறவி எடுத்த அன்பர்களே, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

போர்டு நம்மிடம் எதைக் கேட்டது? பொன்னைக் கேட்டதா? பூமியைக் கேட்டதா? வருகிற வாடகையில் ஒரு சிறு பங்கைக் கேட்டது. தெருவிளக்குக்கு எண்ணெய் வேண்டாமா? சாக்கடை அள்ள ஆள் வேண்டாமா? காசைக் கேட்டவர்களுக்கு நாம் உறவைக் காட்டினோம். காட்டிய உறவு சும்மா இருக்குமா?

நாச்சிமுத்து அவர்கள் வீட்டில் குடியிருக்கும் சின்னப்பராஜ் வாத்தியாரைத் தாய்மாமன் என்றோம். பிறகு அந்த வீட்டில் காதுகுத்து வந்தது. விசாரிக்க வந்த வரி குமாஸ்தாவைப் பந்தியில் உட்கார வைத்தோம். அவர் பாயசம் குடித்துக்கொண்டே, 'மாமன் எங்கே?' என்றார். மாமன் எங்கே? மாதா கோவிலில் பூசையில் இருந்தார். பாதிப் பூசையில் அழைத்து வந்து, மடியில் குழந்தையை வைத்தோம். குழந்தை அழுதது. கடுக்கன் விலையைக் கேட்டு மாமனும் அழுதார். 'ஏனுங்க நாச்சிமுத்து, என்ற சம்பளத்தை ஒரே காதுல குத்திப்போட்டீங்களே' என்றார். நாச்சிமுத்து என்ன சொன்னார் தெரியுமா? 'இன்னொரு காது இருக்குதுங்க மாமா' என்றார்.

குப்பாயி அத்தை, தன் வீட்டுக் காளியப்பனை மருமகன் என்றார். அத்தைக்குப் பெண் கிடையாது. பெண்ணில்லாத வீட்டுக்கு மருமகன் வந்தான், மருமகன் வந்ததால் தலைதீபாவளி வந்தது. 'புது வேட்டி எங்கீங்க அத்தை?' என்றான். 'பொண்ணு எங்கடா?' என்றார் அத்தை. 'அதை நீங்கதானுங்க சொல்லோணும்' என்றான்."

"தலைக்கு எண்ணெயும் வெச்சு உட்டேன் சாமி, அதையும் சொல்லு" என்றார் குப்பாயி, கூட்டத்தின் நடுவிலிருந்து.

"சொல்லிவிட்டேன் அத்தை. எண்ணெய் வைத்தார், பணியாரம் சுட்டார், வாடகையை மட்டும் வாங்கவில்லை. மருமகனிடம் வாடகை வாங்கினால் குமாஸ்தா கேட்பாரே. வரியை மிச்சம் பிடித்தோம், வாடகையை இழந்தோம். இதுவா சாமர்த்தியம்? இதுவா சிக்கனம்?"

"அதெல்லாம் இருக்கட்டும், உங்க ஊட்டு அண்ணன் சௌக்கியமாம்மிணி?" என்று அங்கம்மாள் கேட்டாள். சிரிப்பு எழுந்தது. கந்தவேல் கடைசியில் நின்று, நன்றாக எரிந்துகொண்டிருந்த பெட்ரோமாக்ஸுக்குக் காற்றடித்தார்.

"சௌக்கியம் அக்கா. ஆனால் நீங்கள் கேட்டதால் நானும் ஒன்று கேட்கிறேன். இந்த அண்ணன்மாருக்கு நாளை எந்த வீட்டில் பெண் எடுப்பது? எனக்கு அண்ணன் என்றால், என் சித்தப்பா மகளுக்கும் அண்ணன். அவள் கட்டிக்கொள்ளலாமா? நாச்சிமுத்து வீட்டு மாமன் உங்களுக்கு என்ன முறை? காளியப்பன் நிஜமாகவே ஒரு பெண்ணைக் கட்டினால் அவள் குப்பாயி அத்தைக்கு மகளா, இல்லாத மகளுக்குச் சக்களத்தியா? நாலு அறைக்கு வரி கட்டாமல் நாற்பது வீட்டுக் கல்யாணத்தைக் குழப்பலாமா? காசு போனால் தறி கொடுக்கும். முறை போனால் யார் கொடுப்பார்? வாடகையை வாங்குவோம். வரியைக் கட்டுவோம். மாமனை மாமன் என்போம், குடித்தனக்காரரைக் குடித்தனக்காரர் என்போம்.

இவ்வளவு நேரம் காது கொடுத்த உங்களுக்கும், காது கொடுத்து அழுத குழந்தைக்கும் நன்றி கூறி அமர்கிறேன்."

நாட்டாண்மை எழுந்து நின்றார். "முறை கெட்டுப் போகுமுன்னு மொதல்லயே சொல்றதுக்கென்ன சாமி? வரிதானேன்னு உட்டுட்டோம்" என்றார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. அம்மாவின் கை கடைசியாக, என்னைப் பார்த்துக்கொண்டே உயர்ந்தது.

தெரு வரி கட்டியது. கந்தவேல் கெங்கவல்லிக்குப் போகவில்லை. தை மாதம் எங்களுக்குக் கல்யாணம் ஆயிற்று. அடுத்த வருஷம் வந்த குமாஸ்தாவிடம், மாடியறையில் இருப்பவர் மருமகன், வாடகை கிடையாது என்று அம்மா சொன்னாள். அவர் நம்பவில்லை. அந்த அறைக்கு இன்னும் வரி கட்டுகிறோம்.