சாராள் டீச்சருக்குக் கொடுத்த சூரணம்

துணியில் இரண்டு முறை சலிக்காமல் நான் யாருக்கும் மருந்து கொடுத்ததில்லை, சார். சேலையூரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். தோத்தாத்ரி வைத்தியர் சூரணத்தில் ஒரு திப்பி இருக்காது என்பார்கள்.

சாராள் டீச்சர் வந்தது எழுபத்திரண்டில். விரல் கணுவெல்லாம் வீங்கி, சாக்பீஸ் பிடிக்க முடியாமல் வேலையே போய்விடும் போலிருந்தது. என் அமுக்கராச் சூரணம் கேட்கவில்லை.

"தப்பா நினைக்காதீங்க வைத்தியரே, தாம்பரத்துல இங்கிலீஷ் டாக்டரைப் பார்க்கலாம்னு இவர் சொல்றாரு" என்றார். இவர் என்றால் கணவர் யேசுதாசன். எனக்குச் சுருக்கென்று தைத்தது. நம் மருந்து தோற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

பல்லாவரத்தில் ஒரு மருந்துக் கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கினேன். கல்வத்தில் அரைத்து, சூரணத்தோடு கலந்து சலித்தேன். கசப்பு தெரியாமலிருக்கத் தேனில் குழைத்துச் சாப்பிடச் சொன்னேன்.

ஒரே வாரத்தில் டீச்சர் போர்டில் எழுத ஆரம்பித்துவிட்டார். போகப் போக முகம் பூரித்து உருண்டது. யேசுதாசன் கைகூப்பினார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

சூரணம் ஒரு மண்டலம், அதோடு நிறுத்திவிட வேண்டும். அந்த முறையை நான் மீறியதே இல்லை. டீச்சருக்கும் அப்படியே நிறுத்தினேன்.

இரண்டொரு நாளில் வாந்தி, மயக்கம். ஆஸ்பத்திரிக்கு நானும் ஓடினேன். டாக்டரம்மா என்னைத்தான் கேட்டார்.

"முகம் இப்படி உருண்டு வீங்குறது ஸ்டீராய்டாலதான். அதைச் சாப்பிட்டுட்டு சட்டுனு நிறுத்தினா இப்படி ஆகும். கலந்திருந்தா சொல்லிடுங்க, அதுக்கு ஊசி இருக்கு. பிழைச்சுக்குவாங்க."

"சுத்த மூலிகைம்மா" என்றேன்.

"இவர் அப்படிப்பட்டவர் இல்லை டாக்டர்" என்றார் யேசுதாசன். டீச்சர் என்னையே பார்த்தபடி கிடந்தார். சாயங்காலம் போய்விட்டார்.

கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். இன்றைக்கும் சலிக்கத் துணியை விரித்தால் அந்த உருண்டை முகம் அதில் தெரிகிறது. பயமாக இருக்கிறது, சார்.

யேசுதாசனுக்கு இப்போது முழங்கால் வலி. வேறு யாரையும் நம்பமாட்டேன் என்று என்னிடம்தான் வருகிறார். அதே சூரணம்தான் கொடுக்கிறேன். ஆனால் டீச்சருக்குச் செய்த தப்பை அவருக்குச் செய்ய மனம் வரவில்லை. மண்டலக் கணக்கை விட்டுவிட்டேன். இரண்டு வருஷமாக ஒரு வேளைகூட நிறுத்த விட்டதில்லை. அவருக்கும் முகம் நன்றாகப் பூரித்து வருகிறது.