செல்லோ முதலில் இறங்கும்

அபாயச் சங்கு ஊதுகிறது. ஓடுகிறேன். நான்காம் மாடி. மூன்றாம் மாடி. காலில் ஒரு காலணி. மற்றொன்று கையில். பின்னாலிருந்து அறைத்தோழன் சேவியர் கத்துகிறான்.

"டேய், டெஸ்ட்டுடா! சும்மா ஊதிப் பாக்குறாங்க! மேடையில மைக்கையே மிரட்டுவ, இப்ப எங்கடா ஓடுற?"

நிலவறைக் கதவைத் தள்ளினேன். எனக்கு முன்பே ஒருவர் அங்கிருந்தார். கீழ்வீட்டு எல்ஸா. செல்லோக் கலைஞர். ஆளுயர வாத்தியத்தை அணைத்து நின்றார்.

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரம். 1964. சனிக்கிழமை நண்பகல். உலகப் போர் முடிந்து பத்தொன்பது ஆண்டுகள். அந்தக் கட்டடத்தில் இருவருக்கு மட்டும் அது முடியவில்லை.

நான் ரங்கூன் தமிழன். 1941 டிசம்பரில் ஜப்பானியர் குண்டு வீசியபோது எனக்கு ஆறு வயது. முதலில் சீழ்க்கை. பிறகு அதிர்வு. அம்மாவின் கையிலிருந்து என் கை நழுவியது. பேச்சுப் போட்டிகளில் கேடயங்கள் வென்றவன் நான். இதைச் சொல்ல என்னிடம் இவ்வளவே சொற்கள்.

எல்ஸாவிடம் இன்னும் குறைவு. 1944. தந்தை வயலின். தாய் பியானோ. தம்பி வியோலா. நால்வரும் வாசித்துக்கொண்டிருந்தனர். சங்கு ஊதியது. படிக்கட்டு குறுகல், செல்லோ பெரிது. ஆகவே செல்லோ முதலில் இறங்கும். எடுத்த பகுதியை முடித்துவிட்டே மற்றவர் வருவர். அது அவ்வீட்டு வழக்கம். இசைக் குடும்பத்தின் செருக்கு. எல்ஸா கீழே நின்று கேட்டார். முடிவுக்குச் சில சுரங்களே இருந்தன. குண்டு விழுந்தது. மூவரும் இறங்கவே இல்லை.

அதன்பின் அவர் தனியாகவே வாசித்தார். பிறரோடு அமர மறுத்தார். நாளேடுகள் கர்வம் என்றன. அழைப்புகள் அருகின. 1964இல் செல்லோ இல்லாத ஒரு நால்வர் குழு அவரை அழைத்தது. அதையும் மறுத்தால் இனி மேடை இல்லை. ஒப்புக்கொண்டார்.

முதல் ஒத்திகை அவர் வீட்டில். மற்றொரு சனிக்கிழமை. மீண்டும் சங்கு. மீண்டும் நான் நிலவறையில். அவரும், செல்லோவும். மேலே குழுவின் மற்ற மூவரும் சிரிக்கிறார்கள். விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்கள். எல்ஸாவின் முகம் வெளிறுகிறது. உதடுகள் தாளத்தை எண்ணுகின்றன. படியேறுகிறேன். மேடையில் பழகிய குரல் முழுவதையும் திரட்டுகிறேன்.

"நிறுத்துங்கள்! இறங்குங்கள்! எல்லோரும் இறங்குங்கள்!"

இசை அறுந்தது. எல்ஸா கண்களை மூடிக்கொண்டார். அமைதி. பிறகு படிகளில் காலடிகள். ஒருவர். இருவர். மூவர்.

"இந்த இந்தியருக்கு என்ன வந்தது?" என்றார் வயலின்காரர்.

எல்ஸா மூவரின் சட்டைக் கைகளையும் தொட்டுப் பார்த்தார். "இங்கேயே முடிப்போம்" என்றார். நிலக்கரிக் குவியலுக்கும் உருளைக்கிழங்குப் பெட்டிக்கும் நடுவே முடித்தார்கள்.

இது 1973. அக்குழு இன்றும் மேடையேறுகிறது. வெற்றி என்று கைதட்டுவோரே, கணக்கையும் கேளுங்கள். எல்ஸா இழந்தவர்: தந்தை, தாய், தம்பி. இழந்தவை: ஒரு பியானோ, ஒரு வயலின், ஒரு வியோலா, எவரோடும் வாசிக்காத இருபது ஆண்டுகள்.

நான் இழந்தது: அம்மா. பின்னர், எப்போது என்று அறியேன், அம்மாவின் முகம்.