உள்ளிப் பாத்தி

உள்ளி, அதாவது வெங்காயத்தாள், அதன் விதை பழசானால் முளைக்காது, இன்ஸ்பெக்டர் சார். கடைக்காரன் என்ன சொன்னாலும் அந்த வருஷத்து விதையாகப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். நான் விதுரா வரை பஸ்ஸில் போய் வாங்கிவந்தது நல்ல ஜாதி. ஒருதடவை வேர் பிடித்துவிட்டால் வருஷக்கணக்கில் வெட்ட வெட்டத் துளிர்க்கும். முதல் வருஷம் மட்டும் கை வைக்கக் கூடாது.

கஷ்டம் என்னவென்றால், முளைத்த புதிதில் அது அச்சு அசல் புல்தான். என் மனைவி சரஸ்வதிக்குக் கொஞ்ச காலமாக ஞாபகம் சரியில்லை. ஆனால் கை பழைய கைதான். நான் பல் தேய்த்து வருவதற்குள் பாத்தி முழுவதையும் பிடுங்கி ஓரமாக அடுக்கி வைத்திருந்தாள். "இப்படிப் புல்லு மண்டிக் கெடக்கு, நீங்க பாக்க மாட்டியளா?" என்று என்னையே திட்டினாள்.

மறுபடி விதைத்தேன். வலை கட்டினேன். வலையை மடித்து வைத்துவிட்டுப் பிடுங்கினாள். அறையில் பூட்டினால் அழுவாள். பக்கத்து வீட்டு ஜிஜி வந்து, "மாமி எதுக்கு மாமா கரையுது?" என்று கேட்பாள். எனக்குக் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் ஒரு நாளும் அவளைக் கை நீட்டி அடித்ததில்லை. தெருவில் விசாரித்துப் பாருங்கள்.

இந்தத் தடவை நாற்று விரல் நீளம் வந்திருந்தது. நேற்றுச் சாயங்காலம் அவள் பாத்திப் பக்கம் குனிந்தாள். "வடசேரிக்குப் போறியா?" என்றேன். அவள் பிறந்த ஊர். "அம்மை தேடுவா, நான் போணும்" என்று தினமும் சொல்லுவாள். உடனே நிமிர்ந்தாள். பெண்டாட்டி ஆசைப்பட்டுக் கேட்பதை எத்தனை நாள் மறுப்பது? கேட்டைத் திறந்துவிட்டேன்.

எங்கள் கழக்கூட்டம் வீட்டில் கேட்டைத் தாண்டினால் ஹைவே. அந்த கன்டெய்னர் லாரிக்காரர் மேல் கேஸ் போடாதீர்கள். அவர் பிரேக் போட்டார், நான் பார்த்தேன்.

எதிர்க்கடைக் கேமராவில் நான் கேட்டுக்குள்ளேயே நிற்கிறேன், ஏன் பின்னால் ஓடவில்லை என்று கேட்கிறீர்கள். அவளும் திரும்பிப் பார்த்து, "நீங்க வரலியா?" என்றாள். "நீ முன்னால போ, பின்னாலயே வாறேன்" என்றேன். ஆனால் ஜிஜியின் ஆடுகள் வாசலிலேயே மேய்ந்துகொண்டிருந்தன. கேட்டைத் திறந்துபோட்டு ஓடினால் ஒரு நாற்று மிஞ்சாது. அவள் ரோட்டில் கால் வைத்ததும் சாத்திக் கொண்டியைப் போட்டேன்.

நான் திரும்பி வர நாளாகும் போலிருக்கிறது. ஜிஜியிடம் பாத்திக்குத் தண்ணீர் மட்டும் விடச் சொல்லுங்கள், சார். புல் என்று நினைத்து அவளும் பிடுங்கிவிடப் போகிறாள்.